எச்சில் குவியல்: மானுக்குத் தீனி வைத்துச் சுடுவதை ஏன் சட்டம் அனுமதிக்கக் கூடாது

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 15ஆம் தேதி தொடங்குகிறது. அந்த நாள் நெருங்க நெருங்க, சாலையோரப் பெட்ரோல் நிலையங்களின் வாசலிலும் தீவனக் கடைகளிலும் கேரட், மக்காச்சோளம், சர்க்கரை எடுப்பதற்காகப் பயிரிடும் பீட் கிழங்கு ஆகியவை மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருப்பது நெடுங்காலமாக அங்கே பழகிப்போன காட்சி. அவை வீட்டுச் சமையலுக்காக வாங்கப்படுபவை அல்ல. காட்டுக்குள் ஓரிடத்தில் அவற்றைக் கொட்டிவிட்டு, சற்றுத் தொலைவில் மரத்தில் கட்டிய பரண்மீது அமர்ந்து, தின்ன வரும் மானைச் சுடுவதற்காக வாங்கப்படுபவை. தூண்டில் முள்ளில் புழுவைக் கோத்து மீனை வரவழைப்பதைப் போல, தரையில் தீனியைக் குவித்து மானை வரவழைக்கும் இந்த முறையை அனுமதிக்கலாமா, தடுக்கலாமா என்பது அங்கே பல ஆண்டுகளாகச் சட்டமன்றங்களில் நடந்துவரும் விவாதம். அனுமதிக்கக் கூடாது என்பதே என் முடிவு. அந்த முடிவுக்கு இட்டுச் செல்லும் அறிவியலை, இதைப் பற்றி முன்பின் கேள்விப்படாதவருக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் பின்புலம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மானைச் சுடுவது சிறைக்கு அனுப்பும் குற்றமாகிவிட்டது; ஆகவே நம்மில் பலருக்கு வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கைக்குள் செய்யப்படும் சட்டபூர்வமான செயல். ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான பகுதிகளிலிருந்து துடைத்தெறியப்பட்டுவிட்டதால், வெண்வால் மான்களின் எண்ணிக்கையை அடக்கி வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களிடமே இருக்கிறது. அவர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில்தான் மாநில வனவிலங்குத் துறைகள் கணிசமாக இயங்குகின்றன. எனவே இக்கட்டுரை வேட்டைக்கு எதிரானது அன்று. தீனி வைப்பதைக் கடுமையாக எதிர்ப்பவர்களில் வேட்டைக்காரர்களே பலர் உண்டு.

வனவிலங்கு தொடர்பான விதிகளை அங்கே பெரும்பாலும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு மாநிலத்தில் தீனி வைப்பது அடியோடு தடை. அடுத்த மாநிலத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். இன்னொன்றில் அளவு வரம்பு உண்டு. விஸ்கான்சினில் தீனி வைக்க அனுமதியுள்ள மாவட்டங்களில் 40 ஏக்கருக்கு 2 கேலன், அதாவது ஏறத்தாழ ஏழரை லிட்டர் அளவுக்குத் தீனி வைக்கலாம். ஒரு குடத்தில் ஏறக்குறையப் பாதி. இவ்வளவு சிறிய குவியலால் என்ன கேடு வந்துவிடும் என்ற கேள்வி இயல்பாக எழும். விடை, அந்தக் குவியலை மான் எப்படித் தின்கிறது என்பதில் இருக்கிறது.

மானின் வாயைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆடு மாடுகளைப் போலவே மானுக்கும் மேல்தாடையின் முன்பக்கத்தில் வெட்டும் பற்கள் கிடையாது. அங்கே தடித்த ஈறு மட்டுமே உண்டு. தரையில் கிடக்கும் மக்காச்சோள மணிகளை அது உதட்டாலும் நாக்காலும் துழாவித்தான் எடுக்க முடியும். மூக்கும் உதடும் குவியலுக்குள் புதைகின்றன. நாக்கு மணிகளை நனைத்துப் புரட்டுகிறது. அள்ளிய வாயிலிருந்து நாலைந்து மணிகள் எச்சிலோடு மீண்டும் குவியலிலேயே உதிர்கின்றன. அந்த மான் தலையை உயர்த்திக் காதை விடைத்துச் சுற்றிலும் பார்க்கும் நேரத்தில், பக்கத்தில் நிற்கும் இன்னொரு மான் அதே மணிகளை வாயில் எடுக்கிறது. நம் வீடுகளில் ஒருவர் வாய் வைத்ததை மற்றவர் உண்ணத் தயங்குவதும், பொதுச் செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதும் எந்தப் புரிதலில் வந்த பழக்கமோ, அந்தப் புரிதல் அப்படியே இங்கே பொருந்துகிறது. தீனிக் குவியல் என்பது ஒரு காட்டுப் பகுதியின் மான்கள் எல்லாம் மாறி மாறி வாய் வைக்கும் எச்சில் தட்டு. அது காலியானதும் வேட்டைக்காரர் மறுபடி நிரப்புகிறார். அதே இடத்தில், வாரக்கணக்கில்.

காட்டில் மான் தானாக மேயும்போது இப்படி நடப்பதில்லை. அது நடந்துகொண்டே இங்கே ஒரு தளிர், அங்கே ஒரு குச்சி என்று கடித்துச் செல்லும். கடித்த தளிர் அதன் வயிற்றுக்குள் போய்விடும். ஓக் மரத்தடியில் விழும் கொட்டைகளுக்கும் மான்கள் கூடத்தான் செய்கின்றன. ஆனால் அவை பரந்து உதிர்பவை. ஒரு கொட்டையை ஒரு மான்தான் தின்னும். அது தின்ற இடத்திலேயே மறுநாள் யாரும் இன்னொரு கொட்டையைக் கொண்டுவந்து வைப்பதில்லை. பல மாநிலங்கள் தீனிக் குவியலைத் தடை செய்தாலும் மானுக்காக விதைத்து வளர்க்கும் தீவன வயலைத் தடை செய்யாததற்கும் இதுவே காரணம்: ஒரு வயலில் முளைத்து நிற்கும் இலைகளை ஒரு கூடைக்குள் கொட்டிய தானியத்தோடு ஒப்பிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. பெட்டை மான்கள் தாய், மகள், பேத்தி என உறவுக் கூட்டமாக வாழ்பவை. தனக்கென ஒரு வட்டாரத்தை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தோடு அதிகம் கலக்காமல் இருப்பது அவற்றின் இயல்பு. நோய் ஒரு கூட்டத்தில் புகுந்தாலும் அடுத்த கூட்டத்துக்குத் தாவ இந்த இடைவெளி ஓரளவு தடையாக நிற்கிறது. தீனிக் குவியல் அந்த இடைவெளியை அழித்து, ஒன்றுக்கொன்று முகம் அறியாத கூட்டங்களை ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு உரச வைக்கிறது.

இனி நோய்களுக்கு வருவோம். இரண்டைச் சொன்னால் போதும்.

முதலாவது மாட்டுக் காசநோய். மனிதரின் காசநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவான ஒரு பாக்டீரியாவால் இது வருகிறது. மாடு, மான், மனிதர் என எவரையும் அது பற்றும். மிச்சிகன் மாநிலம் பல பத்தாண்டு உழைப்புக்குப் பின் 1979இல் தன் மாட்டு மந்தைகளில் இந்நோய் ஒழிந்துவிட்டது என்ற தகுதியைப் பெற்றது. 1994இல், அம்மாநிலத்தின் வடகிழக்கிலுள்ள அல்பீனா மாவட்டத்தில் ஒரு வேட்டைக்காரர் சுட்ட மானின் உடலுக்குள் காசநோய்க் கட்டிகள் காணப்பட்டன. அடுத்த ஆண்டு சோதனையை விரித்தபோது, நோயின் நடுவட்டாரத்தில் சோதித்த மான்களில் நூற்றுக்கு ஐந்து அளவில் நோய் இருந்தது தெரிந்தது.

இது கால்நடை மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. நோயுற்ற மாட்டிடமிருந்து எப்போதாவது ஒரு மானுக்குத் தொற்றினாலும், காட்டு மான்களிடையே நோய் தானாக நிலைத்து நிற்காது என்பதே அதுவரை பொதுவாக நிலவிய எண்ணம். இங்கே ஏன் நிலைத்தது? வடகிழக்கு மிச்சிகனில் தனியார் வேட்டை மன்றங்கள் பெரும் பரப்பில் நிலம் வைத்திருந்தன. குளிர்காலத்தில் மான்கள் சாகாமலும் வேறிடம் போகாமலும் இருக்க அவை லாரி லாரியாகக் கேரட்டையும் பீட் கிழங்கையும் மக்காச்சோளத்தையும் இறக்கிவந்தன. அந்த மண் தாங்கக்கூடிய அளவை மீறி மான்கள் பெருகின. பெருகியவை குவியல்களைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. கிருமிக்கு வேண்டியது அதுதான்.

பிறகு நடந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. ஆப்பிள், கேரட், உருளைக்கிழங்கு, பீட் கிழங்கு, மக்காச்சோளம், வைக்கோல் எனத் தீனியாக வைக்கப்படும் ஒவ்வொன்றின் மீதும் கிருமியைத் தடவி வைத்துப் பார்த்தபோது, அது அறை வெப்பத்திலும்கூடக் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடு இருந்தது. குளிரில் இன்னும் நீண்டு நின்றது. நோயுள்ள மான்கள் தின்று மிச்சம் வைத்த தீனியை, அவற்றை ஒருபோதும் நேரில் சந்திக்காத வேறு மான்களுக்குக் கொடுத்தபோது, அவற்றுக்கும் காசநோய் தொற்றியது. இருமலும் மூச்சும் தேவைப்படவில்லை. எச்சில் போதுமானதாக இருந்தது.

1990களின் இறுதியில் அந்த வட்டாரத்தில் தீனி வைப்பது தடை செய்யப்பட்டு, வேட்டை எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. பத்தாண்டுக்குள் நோயின் அளவு நூற்றுக்கு இரண்டு அருகே இறங்கியது. அதற்குக் கீழே போய் ஒழியவில்லை. தடையை மீறித் தீனி வைப்பவர்கள் இன்றும் இருப்பது அதற்கு ஒரு காரணம். இதற்கிடையில் மாடு வளர்ப்பவர்கள் தாங்கள் செய்யாத தவறுக்கு விலை கொடுத்தார்கள். 1998 முதல் 80க்கும் மேற்பட்ட மாட்டு மந்தைகளில் நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 2000இல் மாநிலம் தன் நோயற்ற தகுதியையே இழந்தது. மந்தையில் ஒரு மாட்டுக்கு நோய் என்றால், தலைமுறையாகப் பெயர் சொல்லி வளர்த்த மாடுகள் சோதனையிலும் வெட்டிலும் போகும். மனிதருக்கும் இது தொலைவான ஆபத்து அன்று. சுட்ட மானை அறுத்துக் குடல் நீக்கும்போது கையில் வெட்டுப்பட்ட ஒரு வேட்டைக்காரருக்கு அந்த விரலிலேயே மாட்டுக் காசநோய் தொற்றியது 2004இல் பதிவாகியிருக்கிறது.

காசநோயையாவது பாக்டீரியா என்று சொல்லலாம். வெயில் பட்டால் சாகும், காலம் போனால் அழியும். இரண்டாவது நோய் அப்படிப்பட்டது அன்று. அதை ஆங்கிலத்தில் கிரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்கிறார்கள். நாம் மெலிவு நோய் என்று சொல்லிக்கொள்வோம். 1967இல் கொலராடோ மாநிலத்தின் போர்ட் காலின்ஸ் நகரிலிருந்த ஓர் ஆய்வுப் பட்டியில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்கள் காரணம் தெரியாமல் இளைத்துச் செத்தபோதுதான் இது முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. மூளையைக் கடற்பஞ்சு போலத் துளைத்துவிடும் நோய் வகையைச் சேர்ந்தது இது என்பதை 1970களின் இறுதியில் எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை மருத்துவ அறிஞர் கண்டறிந்தார். 1981இல் காட்டில் வாழும் எல்க் என்னும் பெரிய மான் வகையிடம் காணப்பட்டது. இன்று அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களிலும், கனடாவின் சில மாகாணங்களிலும் அது இருக்கிறது. 2016இல் நார்வேயின் காட்டுக் கலைமான்களிடமும் தென்பட்டது. அந்நாட்டு அரசு நோய் பரவிய நூர்ட்பியெல்லா பகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்களைக் கொன்று அந்தக் கூட்டத்தையே இல்லாமல் செய்யும் முடிவுக்குத் தள்ளப்பட்டது. அங்கே ஆடுகளுக்காக மேய்ச்சல் நிலத்தில் வைத்திருந்த உப்புக் கட்டிகளைக் கலைமான்களும் வந்து நக்கின என்பதால், அந்த இடங்களும் வேலி போட்டு மூடப்பட்டன.

இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ பூஞ்சையோ அன்று. பிரையான் எனப்படும் ஒரு புரதம். அந்தப் பெயரை 1982இல் வைத்த ஸ்டான்லி புரூசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார். மானின் உடலில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தவறான வடிவத்தில் மடிந்துவிட்டால், அது தன்னைத் தொடும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மாறியது அடுத்ததை மாற்றுகிறது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்குவதை எண்ணிக்கொள்ளுங்கள். வேறுபாடு என்னவென்றால், தயிரில் வேலை செய்வது உயிருள்ள கிருமி. பாலை மிகையாகக் கொதிக்க வைத்தால் அது செத்துவிடும். பிரையானுக்கு உயிரே இல்லை. உயிர் இல்லாததைக் கொல்ல முடியாது. சமையல் கொதிநிலை அதை ஒன்றும் செய்வதில்லை. பனி உறைவும் கோடை வெயிலும் அதைக் கடந்து போகின்றன.

தொற்றிய மான் ஒன்றரை ஆண்டுக்கு மேலாகவும் பார்ப்பதற்கு நல்ல உடல்நிலையில் இருக்கும். மினுமினுப்பான தோல், ஓங்கிய கொம்பு, எதற்கும் குறைவில்லை. ஆனால் வெளிப்படையான அறிகுறிக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே எச்சிலிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரையான் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. எச்சில் வழியாகவே நோய் தொற்றக்கூடும் என்பதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு கடைசிக் கட்டம்: விலா எலும்பு தெரிய இளைக்கும், காது தொங்கும், கால் தடுமாறும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், மனிதரைக் கண்டு ஓடுவதை மறந்துவிடும், வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, பிழைத்த மான் என்று ஒன்றும் இல்லை. உயிரோடிருக்கும் காட்டு மானைப் பிடித்துச் சோதிப்பது அரிது என்பதால், சுட்டு வீழ்த்திய மானின் கழுத்து நிணநீர் முடிச்சை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் பெரும்பாலும் நோயைக் கண்டறிகிறார்கள். மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை; ஆயினும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. பிரிட்டனில் பித்துப் பிடித்த மாட்டு நோய் மனிதருக்குத் தாவியதை 1996இல் உலகம் பார்த்துவிட்டது. அதுவும் பிரையான் நோய்தான். எச்சரிக்கையாக இருப்பவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது மண். பிரையான் தரையில் விழுந்தால் களிமண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்டு, தொற்றும் தன்மையை ஆண்டுக்கணக்கில் இழக்காமல் கிடக்கிறது. நோயுற்ற மான்கள் இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்த பட்டியில் நல்ல மான்களை விட்டபோது அவற்றுக்கும் நோய் வந்ததைக் கொலராடோ ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டார்கள். விஸ்கான்சினின் தென்பகுதியில் நோய் பரவிய வட்டாரத்தில், மான்கள் உப்புச் சத்துக்காக மண்ணை நக்கும் 11 இடங்களை ஆராய்ந்தபோது 9 இடங்களின் மண்ணில் பிரையான் இருந்தது. அந்த இடங்களைக் கண்ணால் கண்டால் இது ஏன் என்று உடனே புரியும். யாரோ எப்போதோ வைத்த உப்புக் கட்டி கரைந்து மண்ணில் ஊறிவிட்டிருக்கும். கட்டி போன பின்பும் மான்கள் வந்து அந்த மண்ணையே நக்கித் தின்று, நாளடைவில் அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். மழை பெய்தால் குழியில் நீர் தேங்கும். அந்த நீரையும் வந்து குடிக்கும். தீனிக் குவியல் வைக்கும் இடமும் இதே வழியில்தான் போகிறது. மக்காச்சோளம் தீர்ந்த பிறகும், எச்சில் ஊறிய மண் அங்கேயே இருக்கிறது.

இதனால்தான் அளவு வரம்பு போட்டு அனுமதிக்கும் சட்டங்களை நான் ஏற்கவில்லை. 2 கேலன் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கான வரம்பு. பருவம் முழுவதும் எத்தனை முறை நிரப்பலாம், எத்தனை மான்கள் வாய் வைக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. குவியல் சிறிதாக இருந்தால், அதைச் சுற்றி மூக்குகள் இன்னும் நெருங்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு தடை போடுவோம் என்னும் இன்னொரு வகைச் சட்டம், கேட்பதற்கு நடுநிலையாகத் தோன்றும். விஸ்கான்சினில் இன்றுள்ள முறை அதுதான். அங்கே 2002 பிப்ரவரியில், மவுன்ட் ஹோரெப் என்ற சிற்றூரை அடுத்த பகுதியில் முந்தைய இலையுதிர் காலத்தில் சுடப்பட்ட மூன்று மான்களுக்கு மெலிவு நோய் இருந்தது தெரியவந்தது. இப்போது ஒரு மாவட்டத்தில் நோய் கண்டால் மூன்று ஆண்டுகளும், நோய் கண்ட இடத்திலிருந்து பத்து மைலுக்குள் வரும் பக்கத்து மாவட்டங்களில் இரண்டு ஆண்டுகளும் தீனி வைக்கத் தடை. புதிதாக எதுவும் காணப்படாவிட்டால் தடை தானாக விலகும். இந்தக் கால வரம்பை வைத்தது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் போதாதென்று, தடையையே எடுத்துவிட வேண்டும் என்னும் மசோதாக்களும் அங்கே வருகின்றன.

நோய் வந்து சேர்வதற்கும் நமக்குத் தெரிவதற்கும் இடையிலுள்ள காலம்தான் இங்கே சிக்கல். சோதனைக்கு வரும் மான்கள் மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. நோய் அடையாளம் காட்டவோ ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். முதல் நோயாளி மான் பிடிபடும்போது அதற்கு முன் பலவும் வந்து போயிருக்கும், எந்தெந்தக் குவியலில் வாய் வைத்தன என்பது யாருக்கும் தெரியாது. வீட்டில் தீப்பிடித்த பிறகு வைக்கோற்போரை நகர்த்துவோம் என்பதைப் போன்றது இது. மூன்று ஆண்டுகள் கழித்துத் தடையை விலக்குவதற்கும் அறிவியல் காரணம் எதையும் நான் காணவில்லை. மண்ணுக்கு அந்த நாட்காட்டி தெரியாது.

தெற்கிலும் இதே போக்கு. ஜார்ஜியா மாநிலம் 2011இல் தன் தென்பகுதியில் தீனி வைப்பதை அனுமதித்து, 2018இல் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. 2025 ஜனவரியில் அம்மாநிலத்தின் தெற்கே லேனியர் மாவட்டத்தில் முதல் மெலிவு நோய் மான் கண்டறியப்பட்டது. அலபாமா 2019இல் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கத் தொடங்கியது. 2022 ஜனவரியில் அங்கும் நோய் வந்துவிட்டது. அனுமதித்ததால்தான் நோய் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது தவறாகும். நோய் ஒரு மாநிலத்துக்குள் நுழைவது பண்ணை மான்களை வண்டியில் ஏற்றிச் செல்வது, நோயுள்ள உடலை எல்லை தாண்டிக் கொண்டுவந்து எறிவது, மான்கள் தாமே நடந்து வருவது போன்ற வழிகளால். தீனிக் குவியலின் பங்கு நோய் நுழைந்த பின் தொடங்குகிறது. நுழைந்தது எங்கே நிற்கும், எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதைத்தான் அது பாதிக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதங்களை எளிதில் தள்ளிவிடக் கூடாது. அவற்றில் சில நேர்மையானவை.

தடை போட்ட இடங்களிலும் நோய் பரவத்தானே செய்கிறது, பிறகு தடை எதற்கு என்கிறார்கள். உண்மைதான், விஸ்கான்சினின் தென்மேற்கில் தடை இருந்தும் நோய் கூடிக்கொண்டே போயிற்று. மான்கள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், கொம்பு மான்கள் இணைசேரும் பருவத்தில் நெடுந்தொலைவு அலையும். இவற்றை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. ஆனால் தடுக்க முடியாத வழிகள் பல இருப்பது, தடுக்க முடிந்த ஒரு வழியைத் திறந்து வைப்பதற்குக் காரணமாகாது. வயோமிங்கின் தென்கிழக்கில் நோய் முற்றிய ஒரு பகுதியில் வெண்வால் மான் கூட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்துவந்தது ஆய்வில் தெரிந்தது. அந்த நிலை ஒரு வட்டாரத்தை எட்டுவதைப் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட முடிந்தாலும், மருந்து தேடுவோருக்கும் மான் கூட்டத்துக்கும் அது பெரிய அவகாசம்.

தீனி வைத்தால்தான் போதிய மான்களைச் சுட முடியும், மான் தொகை குறைந்தால் நோயும் குறையுமே என்பது இன்னொரு வாதம். தர்க்கம் சரியாகத் தோன்றினாலும் அனுபவம் அதை ஆதரிக்கவில்லை. சுடப்படும் இடம் என்று அறிந்துகொண்ட மான்கள் குவியலுக்கு இரவில் வரப் பழகிக்கொள்கின்றன; இரவில் சுடுவதோ குற்றம். தென் கரோலினாவில் நெடுங்காலம் தீனி வைத்துவந்த கடலோரச் சமவெளியையும், அப்போது தீனி தடை செய்யப்பட்டிருந்த மேட்டுப் பகுதியையும் ஒப்பிட்டபோது, சதுர மைலுக்குச் சுட்ட மான்களின் எண்ணிக்கை தீனி வைக்காத பகுதியிலேயே அதிகமாக இருந்தது. அரசுகளே சில நேரம் தேர்ந்த சுடுநர்களை வைத்துத் தீனி காட்டி மான்களைக் குறைப்பதுண்டு என்று சுட்டிக்காட்டுவார்கள். அது சில நாட்களில் முடியும் வேலை. வந்த மான் திரும்பிப் போகாதபடி செய்யப்படுவது. பருவம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் தத்தம் நிலத்தில் குவித்து வைப்பதற்கு அது ஈடாகாது.

முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் காட்டில் நெடுந்தொலைவு நடந்து மானைத் தேட முடியாது. குவியல் ஒன்றே அவர்களுக்கு வழி என்பது என் மனத்தைத் தொடும் வாதம். மிச்சிகன் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது: மாநிலத்தின் இரு தீபகற்பங்களில் தெற்கே உள்ள கீழ்த் தீபகற்பம் முழுவதும் 2019 ஜனவரி 31 முதல் தீனிக்குத் தடை இருந்தாலும், தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகள் அவர்களுக்கென ஒதுக்கிய சிறப்பு வேட்டை நாட்களில் தீனி வைத்துக்கொள்ளலாம். சில நாட்கள், சில பேர் என்பதால் இதை நான் எதிர்க்க மாட்டேன். எல்லோருக்கும் கதவைத் திறப்பதற்கு அவர்களைக் காரணம் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மக்காச்சோளமும் கேரட்டும் விற்றுப் பிழைக்கும் சிறு விவசாயிகளின் இழப்பும் உண்மையானதே. ஆனால் அதே ஊரில் மாடு வளர்ப்பவரின் இழப்பையும் அதனருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இதை யார் முடிவு செய்வது என்பதும் ஒரு கேள்வி. மிச்சிகன் மக்கள் 1996இல் வாக்களித்து, வேட்டை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநில இயற்கை வள ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள். அது முடிந்தவரை அறிவியலின் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். 2019ஆம் ஆண்டுத் தடை அந்த ஆணையத்தின் முடிவு. அதைக் கடந்து தீனியை மீண்டும் அனுமதிக்கும் மசோதா ஒன்றைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, 2020இல் ஆளுநர் கிரெட்சன் விட்மர் அதை இரத்து செய்தார். நோயைப் பற்றிய முடிவு நோயைப் படித்தவர்களின் கையில் இருக்கட்டும் என்று முன்பே மக்கள் சொல்லிவிட்ட இடத்தில், அதுவே செய்யத்தக்கது என்று நினைக்கிறேன்.

தீனியைத் தொடங்குவது எளிது, நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு வயோமிங்கைப் பார்க்கலாம். அங்கே ஜாக்சன் நகரை ஒட்டிய தேசிய எல்க் சரணாலயம் 1912இல் அமைந்தது. குடியேற்றங்கள் பெருகி எல்க் மான்களின் குளிர்கால மேய்ச்சல் நிலம் பறிபோய், அவை பட்டினியில் மடிந்ததைக் கண்டு பொறுக்காமல் தொடங்கிய நல்ல காரியம் அது. மாநில அரசும் இருபதுக்கும் மேற்பட்ட தீவனத் திடல்களை நடத்திவருகிறது. நூறு ஆண்டுகளாக, பனி விழுந்ததும் பல்லாயிரம் எல்க் மான்கள் அங்கே வந்து கூடுகின்றன. வண்டியிலிருந்து தள்ளப்படும் வைக்கோலின் இருபுறமும், விலா உரச வரிசையாக நின்று பனியோடு சேர்த்து அதைத் தின்கின்றன. மெலிவு நோய் இந்தத் திடல்களை நெருங்கிவருகிறது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எச்சரித்துவந்தார்கள். தீவனத்தை நிறுத்தினால் பழகிப்போன மான்கள் பண்ணைகளின் வைக்கோற்போர்களுக்குள் புகும், மாடுகளோடு கலக்கும், ஏராளமானவை பசியில் சாகும் என்பதால் எந்த அதிகாரியாலும் நிறுத்தச் சொல்ல இயலவில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியில், பைன்டேல் ஊருக்கு அருகிலுள்ள ஸ்காப் க்ரீக் தீவனத் திடலில் செத்துக் கிடந்த ஓர் எல்க் மானின் உடலில் நோய் உறுதியானது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் வேறு திடல்களிலும் கண்டார்கள். மற்ற எல்க் மான்களுக்குப் பசி இருந்தது. ஆகவே மறுநாளும் அதே திடல்களில் வைக்கோல் இறக்கப்பட்டது.